பிச்சிப்பூவுக்கு விலை வைத்தது யார்?

போன வருடம் ஓணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். விடியும் முன்பே பூ வாங்கத் தோவாளைக்குப் போன பெரியப்பா, பாதிப் பூவோடும் முழுக் கோபத்தோடும் திரும்பி வந்தார்.

"போன வாரம் நானூறுக்கு வித்த பிச்சி இன்னைக்கு ஆயிரத்து இருநூறாம்லே. கேக்க ஒரு நாதி இல்லியா? கலெக்டர் ஒரு வெலய எழுதி போர்டு வச்சா தீந்து போச்சுல்லா?"

கல்லூரியில் பொருளாதாரம் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காகக் கேள்வி என் பக்கம் திரும்பியது. "போர்டு வச்சா பூவே கெடைக்காது பெரியப்பா" என்றேன். "ஓஹோ, நீ யாவாரி கட்சியா?" என்றார். அதற்குள் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். பேச்சு அங்கேயே நின்றது.

அந்த "யாவாரி கட்சியா" என்ற கேள்விதான் இதை எழுத வைத்தது. கட்டற்ற சந்தை என்ற சொல்லை டிவி விவாதத்தில் ஒருவர் மந்திரம் மாதிரி சொல்கிறார், எதிரே இருப்பவர் வசவு மாதிரி சொல்கிறார். அது என்னவென்று இருவருமே சொல்வதில்லை. கணக்கும் வரைபடமும் இல்லாமல் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சரக்குகளே போதும்: பூ, அண்டி என்று நாம் சொல்லும் முந்திரி, ரப்பர், நல்லமிளகு, மீன்.

என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. விலையில் அரசு கை வைத்தால் அது பெரும்பாலும் யாருக்காகக் கை வைத்ததோ அவர்களையே கடிக்கும் என்று நினைப்பவன் நான். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அதுவும் பின்னால் வரும்.

## முதலில், அது எது இல்லை

வாங்குகிறவரும் விற்கிறவரும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட விலையில் கொடுத்து வாங்குவதும், புதிதாகக் கடை போட வருகிறவரை யாரும் தடுக்காமல் இருப்பதும் சேர்ந்ததுதான் கட்டற்ற சந்தை. முதல் பாதியை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது பாதி வசதியாக மறந்துபோகும்.

சட்டமே இல்லாத இடம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தோவாளையில் தராசு சரியாக இருக்க வேண்டும், கடன் சொன்னவர் திருப்பித் தர வேண்டும், மூட்டை களவு போனால் போலீஸ் வர வேண்டும். இதெல்லாம் இல்லாவிட்டால் அங்கே சந்தை நடக்காது, அடிதடிதான் நடக்கும். ஆகவே அரசே வேண்டாம் என்பது வாதம் இல்லை. என்ன விலைக்கு விற்பது, எவ்வளவு விற்பது, யார் விற்பது என்ற மூன்றையும் அரசு முடிவு செய்ய வேண்டாம் என்பதுதான் வாதம்.

வியாபாரிக்குக் கொடி பிடிப்பதும் இல்லை. இந்தச் சிந்தனைக்குத் தகப்பன் என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித்துக்கு வியாபாரிகள் மேல் துளி நம்பிக்கை கிடையாது. ஒரே தொழில் செய்கிறவர்கள் விருந்துக்காகக் கூடினாலும் பேச்சு கடைசியில் விலையை ஏற்றும் சதியில் போய் முடியும் என்று 1776-லேயே எழுதிவைத்தார். அவர் நம்பியது போட்டியைத்தான். எங்கள் ஜங்ஷனில் ஒரே ஒரு மளிகைக் கடை இருந்த காலத்தில் கடைக்காரர் மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய்தான் தருவார். எதிர்ச் சாரியில் இன்னொரு கடை வந்த மாதமே அவருடைய கல்லாவில் சில்லறை முளைத்துவிட்டது. அவரைத் திருத்தியது மனசாட்சியா, எதிர்க்கடையா என்று நீங்களே சொல்லுங்கள்.

## விலை என்பது ஒரு சேதி

இப்போது தோவாளைக்குப் போவோம்.

அத்தத்திலிருந்து திருவோணம் வரை பத்து நாள் கேரளத்தில் வீட்டுக்கு வீடு அத்தப்பூக்களம் போடுவார்கள். திருவனந்தபுரம் பக்கத்து வியாபாரிகள் வண்டியோடு தோவாளையில் வந்து நிற்பார்கள். நம் பக்கத்திலும் ஆவணி முகூர்த்தங்கள். வாங்க வருகிறவர்களுக்கு வேண்டிய அளவுக்குத் தேவை என்று பெயர். சந்தைக்கு வந்து சேரும் அளவு வரத்து. பிச்சிச் செடிக்கு ஓணம் தெரியாது, அது பூக்கிற அளவுக்குத்தான் பூக்கும். தேவை ஏறி, வரத்து அப்படியே நின்றால் விலை ஏறும். இவ்வளவுதான் பாடம் என்று நிறுத்திவிடுகிறோம். விலை ஏறிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தோவாளையில் விலை ஏறியது என்ற செய்தி செல்போனில் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் ஓசூருக்கும் போகிறது. வேறு ஊருக்குப் போக இருந்த வண்டி இந்தப் பக்கம் திரும்புகிறது. ராதாபுரத்தில் ஒரு தோட்டக்காரர் கூடுதலாக நாலு பேரைப் பறிப்புக்கு விடுகிறார். இந்தப் பக்கத்தில் பெரியப்பா பாதிப் பூவோடு நிறுத்திக்கொள்கிறார். காருக்குச் சுற்ற பிச்சி கேட்டவர் கேந்திக்கு மாறுகிறார். ஒருவருக்கொருவர் முகம் தெரியாத இத்தனை பேர், யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றாமல், வரத்தைக் கூட்டவும் தேவையைக் குறைக்கவும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஓணத்தைப் பற்றியோ எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தைப் பற்றியோ எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஒரு எண் தெரிந்தால் போதும்.

விலை என்பது தண்டனையோ பரிசோ இல்லை, தகவல் கடத்தும் கம்பி என்று ஹாயெக் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1945-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். எந்தத் தோட்டத்தில் எவ்வளவு பூ இருக்கிறது, யாருக்கு எவ்வளவு அவசரம் என்ற விவரம் எந்த ஒரு மேசையிலும் முழுதாக வந்து சேராது. லட்சம் தலைகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கலெக்டர் எவ்வளவு நல்லவராக, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அது அவர் கைக்கு வராது. அரசுத் தலையீட்டுக்கு எதிரான வாதத்தின் முதுகெலும்பு இதுதான். அதிகாரி ஊழல்வாதி என்பது வாதம் இல்லை. அவர் உத்தமராகவே இருந்தாலும் அவருக்குத் தெரியாது என்பதுதான் வாதம்.

சரி, பெரியப்பா கேட்ட மாதிரி 400 ரூபாய் என்று போர்டு வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஓசூர் வண்டி வராது, டீசல் செலவுக்கே கட்டாது. இருக்கிற பூவுக்கு மட்டும் ஆட்கள் குறையமாட்டார்கள். பெரியப்பா நாலு மணிக்குப் போனார். மூன்று மணிக்குப் போனவர் கூடையோடு அள்ளியிருப்பார். இல்லையென்றால் கமிஷன் கடைக்காரருக்கு வேண்டப்பட்டவர் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்துக்கொண்டு போயிருப்பார். பங்கு போடும் வேலையை விலை செய்யாவிட்டால் வரிசை செய்யும், வரிசையும் செய்யாவிட்டால் சிபாரிசு செய்யும். பெரிய ஹீரோ படம் ரிலீசான அன்று தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

"காசில்லாதவன் என்ன செய்வான்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஏழைக்குக் கை கொடுப்பது ஒன்று, விலையைத் திரிப்பது இன்னொன்று. கட்டற்ற சந்தைக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய மில்டன் ஃப்ரீட்மன்கூட, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு நேரடியாகப் பணம் தரட்டும் என்று திட்டம் சொன்னவர்தான். பொருளின் விலையைத் தொடாதே, ஆளின் பையில் போடு என்பது அந்தப் பக்கத்து யோசனை. பொருளின் விலையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்குப் போனால் போதும். 2011-லிருந்து நம் ரேஷன் கடையில் அரிசி இலவசம். எல்லைக்கு அந்தப்புறம் அதே அரிசிக்கு விலை உண்டு. ஆகவே அரிசி நடக்கிறது. காரில், ஆட்டோவில், சீட்டுக்கு அடியில் சிறு சிறு மூட்டையாக. பிடிபட்ட செய்தி வராத மாதம் குறைவு. கடத்துகிறவரைப் பிடிக்கலாம், இரண்டு விலைக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைப் பிடிக்க முடியாது.

இதுவரை சொன்னதை ஒரு மூச்சில்: விலை ஏறுவது, பொருள் தட்டுப்பாடாக இருக்கிறது என்ற சேதி. சேதி கொண்டுவந்த ஆளை அடித்தால் தட்டுப்பாடு போகாது, சேதி மட்டும் நின்றுபோகும்.

## ஒக்கி இரவுகளில் மெழுகுவர்த்தி

2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒக்கி புயலில் ரப்பரும் வாழையும் படுத்துவிட்டன, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர பதினோரு நாள் ஆனது.

முதல் நாள் சாயங்காலம் ஒரு கடையில் மெழுகுவர்த்தி பழைய விலைக்கே கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. முன்னால் நின்றவர்கள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக்கொண்டு போனார்கள், அதில் பாதி இன்னும் அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொருவர் இரட்டை விலை சொன்னார். அவரைத் திட்டிக்கொண்டே எல்லோரும் ரெண்டு ரெண்டு வாங்கினார்கள். திட்டியவர்களில் நானும் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனவர்களுக்கும் அவரிடம் மட்டும்தான் மெழுகுவர்த்தி இருந்தது. இது எனக்கு உறைக்கச் சில வருடம் ஆனது.

இரண்டு மூன்று நாளில் வெளியூரிலிருந்து ஜெனரேட்டர்கள் வந்தன. செல்போன் சார்ஜ் போட ஒரு காசு, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மணிக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். கொள்ளைதான். ஆனால் அந்த வாடகை இல்லாவிட்டால் அந்த ஜெனரேட்டர் வேறு மாவட்டத்தில் ஏதாவது கல்யாண மண்டபத்தில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

இந்த விலைக்கு மேல் விற்கக்கூடாது என்று அரசு கோடு போடுவதற்கு விலை உச்சவரம்பு என்று பெயர். கொரோனா வந்தபோது 2020 மார்ச் 21-ல் மத்திய அரசு அப்படி ஒரு கோடு போட்டது: மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், ஈரடுக்கு 8 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய். அதே சமயத்தில் அரசு இன்னொன்றும் செய்தது. சாராய ஆலைகள் உட்படப் பலருக்கும் சானிடைசர் தயாரிக்க அனுமதியை அவசரமாகத் தளர்த்தியது. சில மாதத்தில் சானிடைசர் தெருவெல்லாம் மலிந்துபோனது உச்சவரம்பினாலா, தளர்த்திய அனுமதியினாலா? கோடு போட்டதால் ஒரு பாட்டில்கூடக் கூடுதலாக உற்பத்தியாகவில்லை. கதவைத் திறந்ததால் ஆனது. ஆனால் நம் நினைவில் நிற்பதென்னவோ அந்த 100 ரூபாய்தான்.

வாடகை வீட்டிலும் இதே கதை. தமிழ்நாட்டின் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவரைக் காப்பாற்ற வந்தது. பழைய வாடகையில் உட்கார்ந்துவிட்ட குடும்பத்தைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் வாடகை ஏறாத வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? "ஆள் ஏத்துனா எறக்க முடியாது" என்று வீட்டைப் பூட்டியே வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? புதிதாக வீடு தேடி ஊருக்கு வந்தவருக்கு அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் 2017-ல் புதுச் சட்டம் இயற்றிப் பழையதைக் கழற்றினார்கள்.

ஒக்கி விஷயத்தில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நாள் சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. விலை எத்தனை மடங்கு ஏறினாலும் வண்டி வர வழி இல்லை. சேதி போய்ச் சேர்ந்தும் ஆள் வர முடியாத இடத்தில் விலையேற்றம் வெறும் வேதனைதான். பழைய விலைக்கே விற்ற அந்தக் கடைக்காரரை ஊர் இன்றைக்கும் மரியாதையாகப் பேசுகிறது, அதுவும் ஒருவகை வருமானம். சந்தைக்காரர்கள் இந்த இடத்தைத் தாண்டும்போது கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுவார்கள் என்பது என் குறை.

## அண்டி ஆபீஸ்

உச்சவரம்புக்கு எதிர்ப்பக்கம் தளம். இந்த விலைக்குக் கீழே போகக்கூடாது என்பது. நெல்லுக்கு ஆதார விலை ஒரு தளம். குறைந்தபட்சக் கூலியும் ஒரு தளம்தான், உழைப்பு என்ற சரக்குக்குப் போட்ட தளம்.

இதற்கு உலகத்துப் பாடப் புத்தகங்களில் தேட வேண்டாம், நம் மாவட்டமே உதாரணம். முந்திரித் தொழிலின் தலைநகரம் கொல்லம். கேரளத்தில் தொழிற்சங்கங்கள் வலுத்து, முந்திரித் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி ஏற ஏற, கொல்லத்து முதலாளிகள் பலர் எல்லை தாண்டி வந்து இங்கே ஆலை திறந்தார்கள். இரணியல், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஊர்களில் இன்றைக்கும் பெண்கள் "அண்டி ஆபீசுக்குப் போறேன்" என்று சொல்வதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. கொல்லத்தில் கூலித் தளம் ஏறியதும் வேலையில் ஒரு பங்கு இங்கே நகர்ந்தது. அங்கே கூலி ஏட்டில் ஏறியது, வேலை நாள் குறைந்தது. இங்கே கூலி குறைவு, ஆனால் வேலை இருந்தது.

தளம் போடுவதற்கு எதிரான வாதம் இதுதான். சட்டம் கூலியை ஏற்றலாம், அந்தக் கூலிக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும் என்று முதலாளியை ஏற்க வைக்க முடியாது. வேலையில் தங்கியவருக்கு லாபம். வேலை போனவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், அவர் எந்தப் புள்ளிவிவரத்திலும் "சட்டத்தால் வேலை இழந்தவர்" என்று எழுதப்படமாட்டார்.

ஆனால் இதை எங்கள் சித்தி முன்னால் நான் சொல்லமாட்டேன். இருபது வருடம் அண்டி தல்லியவர், அதாவது ஓட்டை உடைத்துப் பருப்பு எடுத்தவர். ஓட்டில் இருக்கும் பால் கையைப் பொத்துவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டு உட்காருவார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்து ரேகை அழிந்துபோகும். ஆதார் எடுக்கப் போனபோது மெஷின் அவர் விரலை ஏற்கவில்லை. அவரிடம் போய், "கொல்லத்தில் கூலி ஏறியதால்தான் உங்களுக்கு வேலை வந்தது" என்றால் அது உண்மைதான். "அப்போ எங்களுக்கு ஏத்திருந்தா?" என்று அவர் கேட்டால் அந்தக் கேள்வியும் உண்மைதான்.

அறிஞர்களுக்குள்ளும் இது முடிந்த வழக்கு இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணம் 1992-ல் குறைந்தபட்சக் கூலியை ஏற்றியபோது, பர்கர் கடைகளில் வேலை குறையவில்லை என்று டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் எண்ணிக் காட்டினார்கள். கார்டுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. சுற்று வட்டாரத்தில் ஒரே ஒரு முதலாளிதான் என்றால் கூலியை அவர் அமுக்கிவைத்திருக்க முடியும், சட்டம் கொஞ்சம் ஏற்றினால் வேலை போகாது என்பது அவர்கள் தரப்பு. எதிர்க்கடை இல்லாத மளிகைக் கடைக்காரர் ஞாபகம் இருக்கிறதல்லவா? அவரேதான், இந்தத் தடவை கூலி கொடுக்கும் பக்கத்தில். ஆகவே எந்தத் தளத்தைப் பற்றிப் பேசும்போதும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பக்கத்தில் இன்னொரு அண்டி ஆபீஸ் உண்டா?

## ரப்பரில் தெரிவதும் தெரியாததும்

19-ம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் ஃபிரெடெரிக் பாஸ்தியா ஒரு சின்ன அளவுகோல் கொடுத்தார். எந்தச் சட்டத்திலும் கண்ணுக்குத் தெரியும் விளைவு ஒன்று, தெரியாத விளைவு பல. கெட்டிக்காரன் இரண்டாவதையும் எண்ணுவான்.

ரப்பர் விளையும் குலசேகரம் பக்கம் போய் இதைச் சொன்னால் உதை விழலாம், பரவாயில்லை. 2011-ல் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. மரச்சீனி போட்டிருந்த விளையில்கூட ரப்பர் கன்று ஏறியது. கன்று வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும். அதற்குள் 2016-ல் விலை 100-க்கும் கீழே போய்விட்டது. அதற்கும் சில வருடம் முன்பே, விலை ஏறத் தொடங்கியதைப் பார்த்து உலகம் முழுக்க நட்ட மரங்கள் வெட்டுக்கு வந்திருந்தன. இறக்குமதி ரப்பருக்கு வரியை ஏற்றுங்கள் என்ற குரல் வந்தது, 2015-ல் 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக ஏற்றவும் செய்தார்கள்.

தெரிவது: உள்ளூர் ரப்பருக்குக் கொஞ்சம் தாங்கல். தெரியாதது: டயர் வாங்கும் ஆட்டோக்காரர், செருப்பும் வாஷரும் செய்யும் சின்ன யூனிட், டயர் தேய்ந்த லாரியில் போகும் வாழைத்தாருக்கு ஏறும் வாடகை. ஒவ்வொருவரும் கொடுப்பது சில்லறைக் காசு, அதனால் யாரும் மறியலுக்கு வரமாட்டார்கள். பலன் பெறுகிறவர்கள் ஒரே இடத்தில் திரண்டிருப்பார்கள், செலவைச் சுமக்கிறவர்கள் ஊரெல்லாம் சிதறியிருப்பார்கள். அரசுகள் ஏன் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்கின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான்.

கேரளம் அதே 2015-ல் வேறு வழி போனது. சந்தை விலை 150 ரூபாய்க்குக் கீழே போனால் குறைகிற தொகையைச் சிறு விவசாயியின் கணக்கில் போடும் திட்டம். சந்தை விலையைத் தொடாமல் ஆளின் பையில் போடுவது. செலவு அரசு கஜானாவில் நேராகத் தெரியும், டயருக்குள் ஒளிந்துகொள்ளாது. தலையிட்டே ஆக வேண்டும் என்றால் எனக்கு இந்த வகை மேல்.

## மார்த்தாண்ட வர்மாவின் நல்லமிளகு

பழைய கதை ஒன்று. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்தார். கடற்கரையில் இன்றும் நிற்கும் வெற்றித்தூண் எல்லோருக்கும் தெரியும். டச்சுக்காரர்களுக்கு வேண்டியிருந்தது நல்லமிளகு, அதுவும் அவர்கள் சொல்லும் விலைக்கு. அவர்களை விரட்டியதோடு நல்லமிளகு கொடிக்காரருக்கு விடுதலை கிடைத்ததா? இல்லை. மிளகு வியாபாரம் முழுவதையும் ராஜாவே தன் கையில் எடுத்துக்கொண்டார். அரசு வைத்த விலைக்கு அரசிடம் மட்டுமே விற்க வேண்டும், அரசு கூடிய விலைக்கு வெள்ளைக்காரருக்கு விற்கும். விற்க ஒரே வாசல்தான் என்ற இந்த நிலைக்கு ஏகபோகம் என்று பெயர்.

நாட்டைக் காக்கவும் கோட்டை கட்டவும் அந்தப் பணம் உதவியது, அதை மறுக்க முடியாது. ஆனால் கொடி வளர்த்தவரின் பக்கமிருந்து பார்த்தால் டச்சுக் கம்பெனி போய் அந்த நாற்காலியில் சொந்த ராஜா உட்கார்ந்தார். நூறு வருடத்துக்கும் மேல் அந்த நாற்காலி அங்கேயே கிடந்தது. திவான் மாதவ ராவ் காலத்தில்தான், 1860-ல், மிளகு ஏகபோகத்தை எடுத்துவிட்டு ஏற்றுமதி வரி மட்டும் வைத்தார்கள். 1863-ல் புகையிலை ஏகபோகமும் போனது.

ஏகபோகம் என்றதும் நமக்குப் பெரிய கம்பெனி முகம்தான் ஞாபகம் வரும். நீண்ட நாள் நிலைத்த ஏகபோகங்களைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் ஓர் அரசு உத்தரவு கிடக்கும். சுதந்திர இந்தியாவிலும் 1951-ம் ஆண்டுத் தொழில் சட்டத்துக்குப் பிறகு ஆலை தொடங்க, பெரிதாக்க, வேறு பொருள் செய்ய எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும். முதலில் லைசென்ஸ் வாங்கியவருக்கு எதிர்க்கடையே வராது. ராஜாஜி இதைப் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று கேலி செய்து 1959-ல் சுதந்திராக் கட்சியே தொடங்கினார். 1991-ல்தான் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த லைசென்ஸ் எடுக்கப்பட்டது. அந்த நாற்பது வருடம் சங்கடப்பட்டவர் முதலாளி என்றா நினைக்கிறீர்கள்? லைசென்ஸ் இருந்த முதலாளி சுகமாக இருந்தார். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்தான் சங்கடப்பட்டார். பெரியப்பாவும் அந்த வரிசையில் இருந்தவர்தான், மறந்துவிட்டார்.

## கடலில் மட்டும் கணக்கு மாறுகிறது

தோவாளையில் பூவுக்குச் சொந்தக்காரர் உண்டு. இன்றைக்குப் பறித்தால் நாளைக்கு இல்லை என்று அவர் யோசிப்பார். கடலில் இருக்கும் மீனுக்கு வலையில் விழும் வரை சொந்தக்காரர் இல்லை. நான் விட்டுவைக்கும் குஞ்சு மீனை அடுத்த படகு அள்ளும். ஆகவே ஒவ்வொருவரும் தன் கணக்கில் புத்திசாலித்தனமாக நடந்து, எல்லோருமாகச் சேர்ந்து கடலைக் காலி செய்வார்கள். பொதுச் சொத்துச் சிக்கல் என்பார்கள் இதை. இங்கே விலை தவறான சேதி சொல்கிறது. மீன் குறையக் குறைய விலை ஏறும், ஏற ஏற இன்னும் அள்ளத் தூண்டும்.

மலையை உடைத்து ஜல்லியும் எம்-சாண்டுமாக டிப்பரில் ஏற்றிப் போகும்போதும் இதற்குப் பங்காளி மாதிரி ஒரு சிக்கல் உண்டு. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒத்துக்கொண்ட விலையில் வழியோரத்து வீட்டுக்காரர் தின்னும் தூசிக்குக் கணக்கு இல்லை. கொடுக்கல் வாங்கலில் சேராத மூன்றாமவர் தலையில் விழும் இந்தச் செலவுக்குப் புறவிளைவு என்று பெயர். இந்த இரண்டு இடத்திலும் அரசு வரக்கூடாது என்று சொல்லும் சந்தைக்காரரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

அரசு ஒன்றுதான் வழி என்றும் இல்லை. ஊர்ச் சனங்களே கூடி விதி வைத்துப் பொதுச் சொத்தைக் காப்பாற்றிய இடங்களை உலகம் முழுக்கத் தேடி ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண். நம் கடற்கரை ஊர்களில் ஊர்க் கமிட்டி போடும் கட்டுப்பாடுகளைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புதுசாக இருக்காது. ஆனால் குளச்சலில் ஓர் ஊர் விதி வைத்து, அடுத்த ஊர்ப் படகும் அடுத்த மாநிலத்துப் படகும் அதே கடலுக்கு வந்தால் ஊர்க் கமிட்டி என்ன செய்யும்? அங்கேதான் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது.

அதிலும் நம் மாவட்டத்துக்கு ஒரு வினோதம் உண்டு. 61 நாள் தடை, கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு. முட்டமும் குளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்குக் கணக்கு. ஆக ஏப்ரல் மத்தியில் சின்னமுட்டம் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது குளச்சல் படகுகள் கடலில் இருக்கும். வடசேரி சந்தைக்கு மீன் வந்துகொண்டிருக்கும். ஜூன் ஒன்றாம் தேதி குளச்சலும் கட்டிவிடும், சின்னமுட்டம் இன்னும் அவிழ்த்திருக்காது.

அந்தப் பதினான்கு நாள் மாவட்டம் முழுவதிலும் விசைப்படகு ஒன்றும் ஓடாது. தடை விசைப்படகுக்கு மட்டும் என்பதால் வள்ளமும் கட்டுமரமும் போகும், மழைக் காற்று விட்டால். கரைக்கு வரும் ஒரு கூடை நெத்திலிக்கும் ஒரு கூடை சாளைக்கும் அன்றைக்கு ஏலத்தில் கூட்டம் நிற்கும். விசைப்படகு வரத்து நாளில் அதே வள்ளக்காரரிடம் யாரும் விலை கேட்டிருக்கமாட்டார்கள். தேதியை வைத்தது அரசு, விலையை வைத்தது யாரும் இல்லை. போன ஜூனில் அந்த ஏலத்துக்குப் பெரியப்பாவைக் கூட்டிப் போயிருந்தேன். சாளை விலையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வள்ளக்காரனுக்கு வருசத்துல இந்த ரெண்டு வாரந்தானே" என்று சொல்லிப் பையை விரித்தார். பாதிக் கூடைதான் வாங்கினார்.